வெற்றுப் போத்தலில் ஈயம்

பொய்யை அழகாக எழுதித் தரும்படி ஒருவர் என்னிடம் கேட்டது வாழ்நாளில் அதுவே முதல் தடவை. கேட்டவர் இரசாயனவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். என் வீட்டுக் கதிரையில் அமர்ந்து, நான் கொடுத்த தேநீரைக் குடித்தபடியே கேட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறவேண்டும் என்ற விருப்பமும் இல்லை.

நான் இளைப்பாறிய தமிழாசிரியை. ஓர்ஸ் ஹில்லில், உட்துறைமுகத்தின் நீர் தெரியும் ஒரு மேட்டில் குடியிருக்கிறேன். நகரத்தை அடுத்துள்ள உயர்கல்வி நிறுவனம் ஒன்று, தன் இரசாயன ஆய்வுகூடங்களில் அண்மையில் நடந்த ஆய்வுகளின் சுருக்கங்களை மும்மொழியிலும் ஒரே தொகுதியாக வெளியிட எண்ணி, தமிழ்ப் பகுதியைச் செப்பனிடும் பணியை என்னிடம் ஒப்படைத்தது. அங்கே விரிவுரையாளராக இருக்கும் என் மருமகள், என் தமையனின் மகள், என்னோடு வசிக்கிறாள். அவள் வழியாகவே அந்தப் பணி வந்தது.

தாள்களைப் பிரித்தவுடன் எரிச்சல்தான் மூண்டது. கணினியிடம் கொடுத்து வாங்கிய தமிழ் என்பது முதல் வரியிலேயே தெரிந்தது. எழுவாய் ஒரு கரையிலும் பயனிலை மறு கரையிலுமாக நின்றன. அரைத் துளி கூடினாலும் பரிசோதனையை முதலிலிருந்து தொடங்கும் மனிதர்கள், தாய்மொழியில் ஒரு வாக்கியம் நொண்டுவதைக் கண்டும் காணாமல் கையொப்பமிட்டிருந்தார்கள்.

ஆயினும் அந்த நொண்டித் தமிழுக்குள் இருந்த செய்திகள் என்னைப் பிடித்து உட்காரவைத்தன. சேதன இரசாயனப் பிரிவினர் கண்டல் இலைகளிலிருந்து சில சேர்வைகளைப் பிரித்தெடுத்து, புண்ணைச் சீழ்கொள்ளச் செய்யும் கிருமிகளை அவை அடக்குகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அசேதனப் பிரிவினர் புல்மோட்டைக் கரையின் கரிய மணலிலிருந்து தைத்தேனியத்தின் வெண்ணிற ஒட்சைட்டைப் பெற்றிருந்தார்கள். சாயம் கலந்த நீரில் அதை இட்டு வெயிலில் வைத்தால் சாயம் சிதைந்து நீர் தெளிகிறதாம். பௌதிக இரசாயனத்தார் உப்பிலுள்ள சோடியத்தைக் கொண்டு மின்கலம் செய்ய முயன்று, சில தடவை மின்னேற்றியதும் அது சோர்ந்துவிடுகிறது என்று ஒளிக்காமல் எழுதியிருந்தார்கள். அந்தத் தோல்விக் குறிப்பே எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது. நடந்ததை நடந்தவாறு சொல்லும் உரைநடைக்கு இணையான அழகு வேறொன்றில்லை.

மருமகளுடையது பகுப்பாய்வு இரசாயனம். உட்கடலின் சேற்றிலே பெண்கள் பொறுக்கிவந்து சந்தையில் விற்கும் மட்டியில் ஈயம் சேர்ந்திருக்கிறதா என்பது அவளுடைய கேள்வி. மட்டிச் சதையை அமிலத்தில் கரைத்து, சிறு பிளாஸ்ரிக் போத்தல்களில் நிரப்பி, ஒவ்வொன்றாகக் கருவியில் அளந்தாள். கணிசமான அளவில் ஈயம் இருந்தது. தொகுதிக்குச் சுருக்கம் கொடுக்கவேண்டிய நாள் நெருங்கியதால் எழுதிக் கொடுத்தாள். நிறுவனத்தில் யாரோ அதை ஊர்ச்செய்தி இணையத்தளம் ஒன்றுக்குக் கைமாற்ற, துறைமுக மட்டியில் நஞ்சு என்று அது கொட்டை எழுத்தில் போட்டது. அன்றிலிருந்து மட்டிக்காரப் பெண்களின் கூடைகள் நிறைந்தபடியே வீடு திரும்பின.

பின்பு ஒரு நாள் மத்தியானம் வழமைக்கு முன்னதாகவே அவள் வீட்டுக்கு வந்தாள். நான் குசினியில் நின்றேன். கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே வாசலில் நின்று சொன்னாள்.

“மாமி, என்ரை அந்தப் பக்கத்தை நிப்பாட்டி வையுங்கோ. அது பிழை.”

நடந்ததை அவள் விளக்கினாள். இவ்வகை ஆய்வில் வெற்று மாதிரி என்று ஒன்று வைத்திருப்பார்கள். அதில் மட்டி இராது. அமிலமும் தூய நீரும் மாத்திரமே இருக்கும். மற்றப் போத்தல்களோடு ஒன்றாகவே அதையும் வைத்து, அவற்றுக்குச் செய்வதையெல்லாம் அதற்கும் செய்வார்கள். அதில் ஈயம் தென்பட்டால், ஈயம் வெளியிலிருந்து வந்தது என்று பொருள். அவள் வெற்று மாதிரியை முதலில் அளந்தபோது ஒன்றுமில்லை. மட்டி மாதிரிகளை அதற்குச் சில நாள்களின் பின் அளந்தாள். மனத்தில் ஏதோ உறுத்த, வெற்று மாதிரியை இப்போது மறுபடி அளந்தால், அதிலும் ஈயம்.

வெற்று மாதிரியை முதலில் அளந்ததற்கும் மட்டியை அளந்ததற்கும் இடையே வந்தது வாணி விழா.

எமது ஊரில் அலுவலகம், பாடசாலை, ஆய்வுகூடம் எதுவாயினும் நவராத்திரியின் நிறைவில் கருவிகளைத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டுப் பூசை செய்வார்கள். இந்த ஆய்வுகூடத்திலும் தராசுக்குப் பொட்டு, உலைக்குப் பொட்டு, வெளிநாட்டிலிருந்து வந்த பெரிய கருவிக்கும் பொட்டு. ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஆய்வுகூட உதவியாளர் ஒருவர் அதை ஆண்டுதோறும் அன்போடு செய்துவருகிறார். அலுமாரிக்குள் இருந்த போத்தல்கள் விடுபட்டால் குறையாகிவிடும் என்று எண்ணி, இம்முறை அவற்றின் மூடிகளிலும் ஒவ்வொரு பொட்டு வைத்திருக்கிறார். மறுநாள் ஈரத்துணியால் துடைத்தும் விட்டார். துடைத்த மூடியின் வரிகளுக்குள் செந்தூள் தங்கியிருந்தது. மூடியைத் திருகித் திறக்கும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் உள்ளே விழுந்தது. மருமகள் அந்தத் தூளையும் பாக்கெற்றில் மிஞ்சியிருந்த குங்குமத்தையும் சோதித்துப் பார்த்தாள். இரண்டிலும் ஈயச் செந்தூரம்.

நான் நெற்றியில் குங்குமம் இட்டு வளர்ந்தவள். மஞ்சளில் சுண்ணாம்பு சேரும்போது தானாகச் சிவந்து எழுவதுதான் குங்குமம், அதுவும் இரசாயனந்தான். அந்த இடத்தில் மலிவான நச்சுச் சாயத்தை அடைத்து, மேலே அம்மன் படத்தை ஒட்டி விற்பவனுக்கு எந்த நாவு வாணியின் பெயரைச் சொல்கிறதோ நானறியேன். சந்தையில் அவனைக் கேட்பார் இல்லை. மட்டிக்காரப் பெண்ணை மாத்திரம் ஊரே கேட்டது.

பிழை தெரிந்த அன்றே மருமகள் பிரிவுத் தலைவரிடம் சென்று, பழைய சுருக்கத்தை நீக்கி, என்ன பிழை, எப்படி நேர்ந்தது என்பதை அதே பக்கத்தில் அச்சிடவேண்டும் என்று கேட்டாள். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அவர் மறுக்கவில்லை, யோசிப்போம் என்றார். யோசித்துக்கொண்டிருந்தபோதே கதை ஆய்வுகூடம் முழுவதும் பரவிவிட்டது. அவள் பூசையைப் பழிக்கிறாள் என்றார்கள். வெள்ளிக்கிழமைப் பிரசாதக் கடலையைக் கண்ட ஒருவர், இதையும் கருவிக்குள் விட்டுப் பார்த்துவிட்டா சாப்பிடுவது என்று அவள் காதுபடக் கேட்டாராம். இனி அம்மனையும் அமிலத்தில் கரைத்து அளந்த பிறகுதான் கும்பிடவேண்டும் போலும் என்று இன்னொருவர். இவர்களும் படித்தவர்கள்தாம். வெற்று மாதிரி என்றால் என்னவென்று முதலாம் ஆண்டு மாணவருக்குக் கற்பிப்பவர்கள்.

அதன் பின்னரே தலைவர் என் வீட்டுக்கு வந்தார். மருமகளும் இருந்தாள். தொகுதி வெளிநாட்டு உதவியோடு வருகிறது, முதல் தொகுதியிலேயே ஒரு பிழைதிருத்தம் இருந்தால் நிறுவனத்தின் பெயர் என்னாவது என்று நெடுநேரம் பேசினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“ரீச்சர், நீங்கள் தமிழ் கரைச்சுக் குடிச்ச ஆள். ஈயம் இருக்கெண்டும் சொல்லாமல் இல்லையெண்டும் சொல்லாமல், வாசிக்கிறவருக்கு ஒண்டும் பிடிபடாதமாதிரி ஒரு பந்தி எழுத ஏலாதே? அந்தக் காலத்து உரைகாரர் எழுதினமாதிரி.”

“உரைகாரர் விளங்காததை விளக்க எழுதினவை,” என்றேன். “விளங்கினதை மறைக்க எழுதேல்லை. நீங்கள் தேத்தண்ணியைக் குடியுங்கோ.”

அவர் சிரித்தார். கோபித்திருந்தால்கூட நான் பொறுத்திருப்பேன். அப்படியானால் வேறு வழி இருக்கிறது என்றார். திருத்தத்தை அச்சிடலாம், உதவியாளரின் கவனக்குறைவால் மாதிரிகள் மாசடைந்தன என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். அந்த மனிதரும் தாமே பொறுப்பை ஏற்கத் தயாராக இருக்கிறாராம். அது உண்மைதான். இரண்டு நாளாக அவர் மருமகளின் மேசையருகே வந்து நின்று, எழுத்தில் தருகிறேன் பிள்ளை, எழுத்தில் தருகிறேன் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

மருமகள் அவர் பக்கம் திரும்பினாள்.

“விளக்கேத்தினது நீங்கள், சேர். தேவாரம் படிச்சது நான். எல்லாரும் நிண்டு கும்பிட்டம். அது அவர் தனிய வைச்ச பொட்டில்லை. போத்தலைப் பூட்டி வைக்காதது என்ரை பிழை. மூடியைக் கழுவாமல் திறந்ததும் என்ரை பிழை. அப்பிடியே போடுங்கோ. ஏலாதெண்டால் என்ரை பேரிலை ஒண்டும் போடவேண்டாம்.”

அவர் இரண்டாவதைத் தேர்ந்துகொண்டார். தொகுதி வழவழப்பான தாளில், வண்ண அட்டையோடு வெளிவந்தது. கண்டல் இலையும் கரிய மணலும் சோர்ந்த மின்கலமும் அதில் இருந்தன. மட்டி இல்லை. பிழையான செய்தி தவறென்று எங்கும் ஒரு வரி இல்லை. இணையத்தளத்தின் கொட்டை எழுத்தும் அப்படியே கிடந்தது. இதைவிட நாகரிகமாக ஒரு பொய்யைக் காப்பாற்ற முடியாது.

அச்சு செய்யாததை அவள் வாயால் செய்யப் போனாள். உட்கடல் ஓரத்தில், மட்டிக்காரப் பெண்கள் கூடை வைக்கும் இடத்தில் நின்று, பிழை எங்களுடையது, உங்கள் மட்டியில் நாங்கள் கண்டது எங்கள் ஆய்வுகூடத்து ஈயம் என்று சொன்னாள். நானும் கூடப் போனேன். அவர்கள் அவளைத் திட்டவில்லை. அதை ஏன் அந்த இணையத்தளத்தில் போடவில்லை என்று மாத்திரம் கேட்டார்கள். மெல்ல மெல்ல விற்பனை திரும்பியது.

அவள் ஆய்வை விடவில்லை. புதிய போத்தல்கள் வாங்கி, அமிலத்தில் ஊறவைத்துக் கழுவி, அலுமாரியைப் பூட்டித் திறப்பைத் தன்னிடமே வைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினாள். வெற்று மாதிரியைத் தொடக்கத்திலும் இடையிலும் முடிவிலும் அளந்தாள். ஒவ்வொரு தடவையும் அது தூய்மையாகவே இருந்தது. கரையின் பெரும்பகுதியில் மட்டி நன்றாக இருந்தது. ஓரிடத்தில் மட்டும் இல்லை. பழைய படகுகளைக் கவிழ்த்து வைத்து நிறப்பூச்சைச் சுரண்டும் மேட்டுத் திட்டியை அடுத்த சேற்றில் ஈயம் இருந்தது. அங்குள்ள மட்டியிலும் இருந்தது. இது குங்குமத்தின் ஈயமன்று. பிள்ளைகளின் மூளையை மழுக்கும் மெய்யான நஞ்சு.

தலைவரிடம் சொன்னாள். அடுத்த தொகுதியில் பார்ப்போம், இப்போதுதான் கதை அடங்கியிருக்கிறது என்றார்.

ஆகவே மறுபடியும் கரைக்குப் போனோம். காலையில் கடல் வற்றியிருந்த நேரம். பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்க ஆயத்தமாக நின்றார்கள். மருமகள் திட்டியைச் சுட்டிக்காட்டி, அந்தப் பக்கத்தில் மட்டும் பொறுக்கவேண்டாம், மற்ற இடமெல்லாம் நல்லது என்று ஆறுதலாக, ஒன்றுக்கு இரண்டு தடவை விளக்கினாள். அவர்களில் மூத்தவள் போல் தோன்றிய உயரமான பெண் கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள்.

“முதல் இருக்கெண்டியள் மகள். பிறகு இல்லையெண்டியள். இப்ப அங்கை இருக்கு, இங்கை இல்லையெண்டுறியள். அடுத்த வாணி விழா முடிய வந்து சொல்லுங்கோவன்.”

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் வன்மம் இல்லை. அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாயும் இல்லை. தன் பிழையைத் தானே அச்சிட்டு ஒப்புக்கொள்ளும் நிறுவனம் இரண்டாவது தடவை பேசும்போதுதான் ஊர் நம்பும். அந்த ஒரு பக்கத்தை மறைத்தவர்கள் பழைய பொய்யை மட்டுமா காப்பாற்றினார்கள்? பின்னால் வரவிருந்த உண்மையின் வாயையும் அன்றே கட்டிவிட்டார்கள். என் கோபமெல்லாம் அதுதான். அந்த வழவழப்பான தொகுதியால் ஒருவருக்கும் கேடில்லை என்று தலைவர் இன்றும் சொல்லித் திரிகிறார்.

பெண்கள் நீரில் இறங்கினார்கள். விற்பனை படுத்த காலத்திலிருந்து எவரும் தொடாததால் திட்டியடி மட்டி நன்றாகக் கொழுத்திருந்தது. அவர்கள் நேரே அங்கேதான் போனார்கள். மருமகள் செருப்பைக் கரையில் கழற்றிவிட்டு, உடுப்பு நனைய முழங்கால் சேற்றில் அவர்கள் பின்னே நடந்தாள். எதுவரை பொறுக்கலாம், எங்கே நிறுத்தவேண்டும் என்று கையால் காட்டிக்கொண்டே போனாள். வயது குறைந்த ஒருத்தி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். கூடையை எடுத்துக்கொண்டு மறுபக்கம் விலகிச் சென்றாள். மற்றவர்கள் நின்ற இடத்திலேயே குனிந்து பொறுக்கத் தொடங்கினார்கள்.