மாடியில் பாம்பு, புதூரில் சாப்பாடு

பாம்பு சாப்பிடவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? குழந்தை சாப்பிடவில்லை என்றால் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். நான் டீக்கடையில் வாய்விட்டுச் சொன்னபோது கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே, "நல்லதுதானேங்க, விடுங்க" என்றார்.

அது என் பாம்பும் இல்லை. என் மனைவியின் தம்பியுடையது. துவாக்குடியில் அறை எடுத்து இன்ஜினியரிங் படித்தபோது அவனுக்குப் பிடித்த பைத்தியம் அது. பால் பைத்தான், அதாவது பந்து மலைப்பாம்பு என்று பெயர். ஆப்பிரிக்கப் பாம்பாம், விஷம் கிடையாதாம், பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்து மாதிரி சுருண்டுகொள்ளுமாம். அரசாங்கத்தில் முறைப்படி பதிவெல்லாம் செய்திருந்தான். பெங்களூரில் வேலை கிடைத்தது. அங்கே வீடு பார்க்கும் வரைக்கும் என்று சொல்லி, ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருக்கும் மாடி வீட்டில் பாம்பைப் பெட்டியோடு விட்டுப் போனான். அவ்வளவு பெரிய ஊரில் வீடே கட்டாத மாதிரி இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

போகிறபோக்கில், "செத்துட்டா அதையும் எழுதித் தெரிவிக்கணும் மாமா" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போனான். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். பாங்கில் பணம் எடுக்கும் சீட்டை நிரப்பவே இரண்டு முறை எழுதிக் கிழிப்பேன். பாம்பு எதனால் செத்தது என்று என்னத்தை எழுதுவது? அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்னால் பெட்டியைத்தான் பார்ப்பேன். மூச்சு விடுகிறதா என்று பார்ப்பதற்குள் என் மூச்சு நின்றுவிடும்.

வீட்டுக்கார மாமி கீழே குடியிருக்கிறார். தானாகப் பாம்பைப் பார்த்தால் காலி பண்ணச் சொல்லிவிடுவார் என்று பயந்து, நானே அழைத்துவந்து காட்டினேன். கதவோரம் நின்றபடியே எட்டிப் பார்த்தார்.

"கடிக்குமோ?"

"கடிக்காதுங்க மாமி."

"பெருமாளே ஆதிசேஷன் மேலதான் சயனிச்சிண்டிருக்கார். இது ஒரு ஓரமா இருந்துட்டுப் போறது, போ."

எனக்கு உயிர் வந்தது. பாதிப் படி இறங்கியவர் நின்றார். "ஆமா, இது என்ன சாப்பிடறது?"

"எலிங்க மாமி. வெள்ளை எலி."

"ராமா! பாம்பு இருக்கலாம்ப்பா. எலி மாமிசம் இந்த வாசப்படி தாண்டப்படாது."

"அவங்க சமையல்கட்டுலயே ரெண்டு ஓடுது" என்று என் மனைவி உள்ளேயிருந்து முணுமுணுத்தாள். நான் அவளை முறைத்தேன்.

நாங்களே கறி சாப்பிட வேண்டுமென்றால் பாலம் தாண்டிச் சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஓட்டலுக்குப் போய்ச் சாப்பிட்டு, வாய் கொப்பளித்துவிட்டுத்தான் வருவோம். இந்த வீட்டுக்குக் குடி வந்த நாளிலிருந்து அப்படித்தான். பாம்பையும் அதேபோல் வெளியே கூட்டிப்போய்ச் சாப்பிட வைத்தால் என்ன என்று தோன்றியது. அப்போது அது பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

எடமலைப்பட்டி புதூரில் லவ் பேர்ட்ஸும் வெள்ளை எலியும் வளர்த்து விற்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். வாரம் ஒருமுறை பாம்பைத் தலையணை உறையில் போட்டு, முடிச்சுப் போட்டு, காய்கறிக் கூடையில் வைத்து, ஸ்கூட்டரில் அங்கே கிளம்புவேன். காவிரிப் பாலத்தில் பஸ் ஹாரன் அடித்தால் கூடை குலுங்கும். சிக்னலில் பக்கத்து வண்டி அம்மா, "என்னங்க, விரால் மீனா?" என்று கேட்டார். "துணிங்க" என்றேன். துணி அசைந்தது. அந்த அம்மா வண்டியை ஒதுக்கிக்கொண்டார்.

நண்பர் வீட்டில் கொன்று வைத்த எலியை நீண்ட இடுக்கியில் பிடித்து மூக்குக்கு நேராக ஆட்டுவோம். பாம்பு தலையைச் சுருளுக்குள் விட்டுக்கொள்ளும். "சாப்பிட மூடு வரலங்க" என்பார் நண்பர், மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றிச் சொல்வதுபோல. திரும்பவும் முடிச்சு, கூடை, பாலம். ஒவ்வொரு வாரமும் இதே கதை. பாம்பு மெலிந்து முதுகெலும்பு மேடு தட்ட ஆரம்பித்தது.

இதில் மனைவியின் தம்பிக்குத் தினமும் பாம்பின் போட்டோ வேண்டும்.

"மாமா, நேத்து அனுப்புனதுல கழுத்தே தெரியல."

"பாம்புக்கு எதுடா கழுத்து?"

"தலைக்குப் பின்னாடி மாமா. மெலிஞ்சா அங்கதான் தெரியும். வெளிய எடுத்து, வெள்ளைத் துணில விட்டு எடுங்க."

கல்யாண வீடுகளில் போட்டோ எடுப்பதுதான் என் தொழில்; அழுதுகொண்டிருக்கும் மணப்பெண்ணையே சிரிக்க வைத்துப் படம் எடுத்தவன் நான். இதனிடம் என் வித்தை பலிக்கவில்லை. வேட்டியை விரித்துப் பாம்பை விடுவேன், அது பந்தாகிவிடும். விரியட்டும் என்று காத்திருப்பேன். விரிந்து தலையை நீட்டும்போது கேமராவைத் தூக்கினால் மறுபடி பந்து. வந்ததெல்லாம் வேட்டியில் வைத்த பழுப்பு உருண்டை. "ஆட்டுக்கல்லப் படம் பிடிச்சிருக்கீங்க" என்றாள் மனைவி.

கடைசியில் கால்நடை டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். வாயைத் திறந்து பார்த்தார், தடவிப் பார்த்தார். நோய் ஒன்றும் இல்லை என்றார். எங்கே வைத்துச் சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "உங்களைக் கண்ணக் கட்டி, மூட்டைல போட்டு, ஊர் சுத்திக் காட்டி, தெரியாத வீட்டுல இறக்கி இலை போட்டா சாப்பிடுவீங்களா? அது பயந்த பிராணிங்க. அதோட பெட்டியிலேயே வச்சுக் கொடுங்க. போட்டோவ நிறுத்துங்க. இன்னும் இளைச்சா கஷ்டம்."

சாப்பாடு வீட்டுக்குள் வந்தாக வேண்டும். மாமியிடம் கேட்டு அவர் மறுத்துவிட்டால், வேறு வீடு பார்க்க வேண்டும் அல்லது பாம்பு சாகவேண்டும். கேட்பதற்கு வார்த்தைகளை ஒத்திகை பார்த்துக்கொண்டே இறங்கினேன். மாமி வாசலில் கோலப்பொடி டப்பாவோடு நின்றார். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது.

"மாமி, பாம்பு சாப்பிடாம செத்துரும்போல இருக்குங்க."

"சாப்பிடாமன்னா? எத்தனை நாளா?"

"மாசக்கணக்கா ஆச்சுங்க. வெளிய கொண்டுபோய்க் கொடுத்தா தொட மாட்டேங்குது."

"அடப் பாவி! நம்மாத்துல ஒரு ஜீவன் பட்டினி கிடக்கறதா? நேக்கு ஏன் சொல்லலை?"

"நீங்கதானே மாமி, வாசப்படி தாண்டப்படாதுன்னு…"

"நான் ஆயிரம் சொல்லுவேன். அதுக்காக அதைக் கூடையில வச்சு ஊர்வலம் விடுவியோ?" என்னமோ பாலம் தாண்டிப் போகச் சொல்லி நானே பாம்புக்கு யோசனை கொடுத்த மாதிரி, என்னைத் திட்டித் தீர்த்தார். நிஜமும் அதுதான். பிறகு குரலைத் தாழ்த்தினார். "கொல்லைப் படி வழியா எடுத்துண்டு போ. என் கண்ணுல பட வேண்டாம். ஏகாதசியன்னிக்கு மட்டும் கூடவே கூடாது. அன்னிக்கு அதுவும் உபவாசம் இருக்கட்டும்."

இதை முதல் நாளே கேட்டிருக்கலாம். எத்தனை பெட்ரோல், எத்தனை வயிற்றெரிச்சல்.

பஞ்சாங்கத்தைப் பார்த்து, ஏகாதசி கழிந்த மறுநாளே புதூர் நண்பரிடம் கொன்ற எலி வாங்கிவந்தேன். கொல்லைப் படி ஏறும்போது காகிதப் பொட்டலத்தைத் திருட்டுப் பொருள் மாதிரி சட்டைக்குள் வைத்திருந்தேன். கேமராவைப் பீரோவில் பூட்டினேன். எலியைச் சூடுபடுத்தி இடுக்கியால் பெட்டிக்குள் நீட்டினேன். பாம்பின் நாக்கு வெளியே வந்தது. போனது. மறுபடி வந்தது. அடுத்து என்ன நடந்தது என்று கண்ணால் பார்க்க முடியவில்லை. இடுக்கி காலியாக இருந்தது. பாம்பு எலியைச் சுற்றி இறுகியிருந்தது.

பெட்டியின் மேல் துணியைப் போட்டேன். வெகு நேரம் கழித்து ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். எலி இல்லை. உடம்பின் நடுவில் ஒரு புடைப்பு.

கீழேயிருந்து மாமி குரல் வந்தது. "சாப்பிட்டுதா?"

"சாப்ட்டுச்சுங்க மாமி!"

போன் அடித்தது. தம்பி. "மாமா, முழுங்கும்போது வீடியோ எடுத்தீங்களா?" கட் பண்ணிவிட்டேன்.

விழுங்கிவிட்டது, சரி. கக்காமல் இருக்க வேண்டுமே? டாக்டரம்மா சொன்னபடி இரண்டு நாளைக்குத் தொடக்கூடாது, சத்தம் போடக்கூடாது. தெருவில் ஆட்டோ போனாலே எனக்குத் திக்கென்றது. பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அது சாப்ட்டாச்சு. நீங்க காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. வந்து உக்காருங்க."

"பசிக்கல" என்றேன்.

"இதுக்கு எந்த டாக்டர்கிட்ட போறது?" என்று கேட்டுவிட்டு, தட்டை நாற்காலிக்கே கொண்டுவந்து வைத்தாள்.