வறட்சி போட்ட இடமெல்லாம் மழை

செடியைப் பட்டினி போட்டு, அது வதங்குவதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து வேடிக்கை பார்த்து, அதற்கு உதவித்தொகையும் வாங்குகிற தொழில் எங்களுடையது. முனைவர் பட்டம், முனைவர் பட்டம் என்று அலைந்து முடி கொட்டிப்போன என் இனத்தாரே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஒரே சாடை

மரவள்ளி வறட்சியைத் தாங்க எந்த ஜீன் உதவுகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. சேலம் டவுனில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவளுக்குக் காடு ஏது, தோட்டம் ஏது? ராசிபுரம் பக்கத்தில் சின்னுசாமி அண்ணன் என்றொரு விவசாயி, போனால் போகிறது என்று தன் மரவள்ளிக் காட்டில் ஒரு மூலையை விட்டுக்கொடுத்தார். கொடுத்தவர் சும்மா இருக்காமல், "அப்படி என்னத்தைங்க அம்மணி தேடறீங்க?" என்று கேட்டுவிட்டார். விடுவேனா? செடிக்குள் சில ஜீன்கள் மேஸ்திரி மாதிரி அண்ணா, தண்ணீர் குறைந்தால் மற்ற ஜீன்களை எழுப்பி, இலைத் துளையை மூடு, அதைச் செய், இதைச் செய் என்று வேலை வாங்கும் என்றேன். அந்த மேஸ்திரிகள் குடும்பம் குடும்பமாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் பெரிய குடும்பம், எல்லாம் ஒரே சாடை. ஆனால் வறட்சி வந்தால் அதில் இரண்டு மூன்றுதான் எழுந்து வேலை பார்க்கும், மற்றதெல்லாம் தூங்கும். அந்த இரண்டு மூன்று எது என்பதுதான் கேள்வி.

அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "இதுக்கெதுக்குங்க ஆராய்ச்சி? எங்க பங்காளி வகையறாவுல ஒரு கல்யாணத்துக்கு வந்து பாருங்க. பந்தியில ஊரே உக்காந்திருக்கும், எலை எடுக்க ரெண்டு பேருதான் வருவாங்க."

பொகை டப்பா

பாதிச் செடிகளுக்குத் தண்ணீர் உண்டு, பாதிக்குக் கிடையாது. கிடையாத பாதி நன்றாக வாடியதும் இரண்டிலும் இலை பறிக்க வேண்டும். பறித்த கையோடு திரவ நைட்ரஜனில் போட்டு உறைய வைக்காவிட்டால் எந்த ஜீன் எழுந்தது என்று காட்டிக்கொடுக்கும் சரக்கு உள்ளேயே சிதைந்துவிடும். அதனால் வாடகை வண்டி பேசி, பெரிய கேனோடு காட்டில் போய் இறங்கினேன். செடிகள் வாடித் தொங்கிக்கொண்டிருந்தன. என் கண்ணே பட்டுவிடும் போல அவ்வளவு அழகு! கேனின் மூடியைத் திறந்தேன். வெள்ளைப் புகை குபுகுபுவென்று வழிந்தது. எங்கிருந்துதான் வந்ததோ அந்த மழை, சடசடவென்று கொட்டித் தீர்த்தது. பார்த்துப் பார்த்துக் காய வைத்த செடிகள் எல்லாம் என் கண் முன்னாலேயே தலைக்குக் குளித்தன.

மறுபடி காய வைத்து, மறுபடி வண்டி பேசிப் போனேன். மூடியைத் திறந்தேனோ இல்லையோ, மறுபடி அதே கூத்து. நனைந்த கோழியாக நின்று நான் அழுதுகொண்டிருந்தேன். வண்டிக்காரர் மட்டும் வானத்தையும் கேனையும் மாறி மாறிப் பார்த்தார். "வாடகையே வேண்டாங்க அம்மணி. இந்தப் பொகை டப்பாவ எங்க ஊருக்கு ஒரு நடை கொண்டாந்து தொறந்து காட்டிப்போடுங்க."

அழைப்பு

வண்டிக்காரர் வாய் சும்மா இருக்குமா? அடுத்த வாரமே பக்கத்து ஊரிலிருந்து நாலு பேர் இளநீரோடு வந்துவிட்டார்கள். அவர்கள் காட்டிலும் நான் ஒரு வறட்சி போட வேண்டுமாம். ஐயா, மழைக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, மழை வந்தால் என் பிழைப்பே போயிற்று என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். அவர்களில் பெரியவர் மட்டும் எனக்காக நிஜமாகவே வருத்தப்பட்டார். "ஆராய்ச்சி எப்படியும் வீணாத்தான் போகுதுங்க. அது எங்க காட்டுல வந்து வீணாப் போகட்டுமே சாமி."

கூரை

இந்த வருஷத்தோடு என் உதவித்தொகை முடிகிறது. இலை இல்லையென்றால் ஆய்வேடு இல்லை, ஆய்வேடு இல்லையென்றால் இத்தனை வருஷமும் தண்டம். என் கைடு வேறு, "மழை வந்தது, மழை வந்தது என்று எழுதினால் அதற்குப் பேர் வானிலை அறிக்கை" என்று கடித்துவைத்தார். ரோஷம் வந்து, வாடவேண்டிய பாதிக்கு மேலே மூங்கில் நட்டு பாலித்தீன் கூரை போட்டேன்.

அதற்கப்புறம் ஒரு பொட்டு மழை இல்லை. வானம் துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. இளநீர் கொண்டுவந்த அதே பெரியவர் போனில் கூப்பிட்டார். குரலில் இப்போது இளநீர் இல்லை. "மேகம் வந்து எட்டிப் பாத்துட்டுப் போகுதுங்க. நீங்கதான் கதவச் சாத்தி வெச்சிருக்கீங்களே."

ஒரு வெள்ளாமை

சிரித்தவரை போதும். நிஜமான வறட்சி வந்தே விட்டது. அண்ணன் கிணற்றில் சேறுதான் இருந்தது. அவர் மரவள்ளி முழுக்க என் கூரைக்குள் இருந்த செடி போலவே தொங்கியது. என் வாடும் பாதிக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் தண்ணீர் குடிக்கும் பாதிக்கு எங்கே போவேன்? அது பச்சையாக இருந்தால்தான் ஒப்பிட முடியும், இல்லாவிட்டால் நான் பறிப்பது வெறும் சருகு. கேட்கவும் நாக்கு வரவில்லை. அவர்கள் பயிரே காயும்போது, பறித்து அரைக்கப் போகிற செடிக்குத் தண்ணீர் கொடுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது? பட்டம் போனது போனதுதான் என்று பஸ் ஏறிவிட்டேன்.

கைடு விரட்டியதால் இலை பறிக்கும் நாளன்று பெயருக்குப் போனேன். போய்ப் பார்த்தால் அந்தப் பாதி பச்சைப் பசேலென்று நிற்கிறது! அண்ணன் வீட்டுக்காரம்மா பூங்கொடி அக்கா இடுப்பில் குடத்தோடு வந்துகொண்டிருந்தார். தெருக்குழாயில் பிடித்த குடிதண்ணீர். ஏன் அக்கா, உங்கள் பயிர் இப்படிக் காயும்போது இதற்குப் போய் ஊற்றுவீர்களா என்று சண்டையே போட்டேன். அக்கா குடத்தைச் சாய்த்துக்கொண்டே சொன்னார். "எங்க காட்டுக்கு எத்தன குடம் ஊத்துனாலும் பத்தாது சாமி, உங்களதுக்கு நாலு குடம் போதும். ஒருத்தர் வெள்ளாமையாவது ஊடு வந்து சேரட்டும்."

வறட்சியைத் தாங்குகிற ஜீன் எது என்று ஒருவழியாகக் கண்டுபிடித்து அத்தியாயம் அத்தியாயமாக எழுதிவிட்டேன், தாங்குகிற மனுஷர்கள் யார் என்று எழுதத்தான் ஆய்வேட்டின் முன்னால் 'நன்றி' என்று ஒரே ஒரு பக்கம் விடுகிறார்கள்.