கேட்டில் திறந்த பால் டின்

வெள்ளைக்காரன் காலத்து அவசரகாலத்தில், கோலா பிலா பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் எங்கள் லய வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, ஒரு பிடி சோறோ ஓர் இலை கீரையோகூட வேலியைத் தாண்டக் கூடாது. பால் வெட்டப் போகிறவர்களைக் காலையில் கேட்டில் நிறுத்திச் சோதிப்பார்கள்.

லயத்துக்குப் பின்னால் நானும் உங்கள் அம்மாவும் கடுகுக்கீரை போட்டிருந்தோம். அதில் புழு விழுந்தது. இலைக்கு அடியில், இலையின் நிறத்திலேயே, அரிசியைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்கும். தொட்டால் துள்ளி, நூல் விட்டுத் தொங்கும். மற்றவர்கள் நசுக்கிப் போட்டார்கள். நான் மாட்டேன் என்றேன். உங்கள் பெரியண்ணன் அப்போது அம்மா வயிற்றில். மனைவி முழுகாமல் இருந்தால் புருஷன் எந்த உயிரையும் கொல்லக் கூடாது என்பது எங்கள் வழக்கம். முன்னே இரண்டு தங்காமல் போனதால், வயிறு தெரியும்வரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று அவள் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

புழுக்களைக் காலிப் பால் டின்னில் போட்டு, வேலிக்கு வெளியே விட எடுத்துப் போனேன். வழியில் தின்னட்டும் என்று நாலு இலையும் போட்டேன். அவ்வளவுதான் என் புத்தி.

கேட்டில் மலாய்க் காவல்காரர் டின்னைத் திறந்ததும் கீரையைக் கண்டு, எங்களை வேலை வாங்கும் மண்டோரைக் கூப்பிட்டார்.

“என்னடா இது?” என்றார் மண்டோர்.

“தூண்டிலுக்குப் புழுங்க,” என்று புளுகினேன்.

“ஆத்துப் பக்கமே போகக் கூடாது. யாருக்குடா மீன் பிடிக்கிற? காட்டுல இருக்கறவனுக்கா?”

காவல்காரர் என் தோளைப் பிடித்து போலீஸ் நிலையத்துக்குப் போகும் லாரியைக் காட்டினார். பின்னால் நின்ற ஒருத்தி, “வெயில் ஏறுனா பால் நின்னுரும் லா, சொல்லித் தொலைங்கண்ணே,” என்றாள். லாரியைப் பார்த்தேன்; சொல்லிவிட்டேன்.

“வீட்டுல முழுகாம இருக்குங்க. அதான் கொல்லல.”

மண்டோர் மலாயில் சொல்ல, காவல்காரர் சிரித்துவிட்டுக் கையை எடுத்தார். டின்னைச் சாக்கடையில் கவிழ்த்தார்.

“புழுவுக்குச் சோறு கட்டிக்கிட்டுப் போறவனை இப்பத்தான்டா பாக்கறேன்,” என்றார் மண்டோர். வரிசை முழுக்கச் சிரிப்பு. “எத்தினி மாசம்ண்ணே?” என்று ஒரு குரல்.

பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தபோது, குழாயடியில் பெண்கள் அம்மாவைச் சூழ்ந்து நின்றார்கள். அவள் குடத்தை இடுப்பில் வைக்காமல் வயிற்றுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

“புழு உசுருக்குப் பயந்தீங்க. எனக்குக் குடுத்த வாக்கு?”

சொல்லாமல் நான் லாரியில் ஏறியிருக்கலாம். ஏறவில்லை.

அதற்குப் பிறகு, குழாயடியில் ஆளில்லாத உச்சி வெயிலில்தான் அவள் தண்ணீருக்குப் போனாள். நான் தூக்கி வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள்.