ஆட்டிடம் சொன்ன காதல் வசனம்

போன ஞாயிற்றுக்கிழமை மல்லாவிப் பொதுநோக்கு மண்டபத்தில் ஒரு படம் போட்டார்கள். வெள்ளைத் துணி கட்டி, கதிரை அடுக்கி, ஜன்னலுக்கெல்லாம் சாக்கு அடித்து... வந்த சனத்துக்கு உள்ளே இடம் போதவில்லை. அந்தப் படத்தின் ஹீரோ யார் தெரியுமா?

நான்தான்!

சிரியுங்கள். மண்டபமும் அப்படித்தான் சிரித்தது. துணியில் என் மூஞ்சி வந்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு பெரிய மூக்கை இத்தனை வருடமும் எங்கே ஒளித்து வைத்திருந்தேன்? ஆனால் கால் தரையில் நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த மனுசியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. துணியில் இருந்த என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நாளாகப் பேப்பரில் இந்தப் பத்தி ஏன் வரவில்லை என்று கேட்டீர்கள் அல்லவா? காரணமும் இந்தப் படத்தோடுதான் ஒட்டிக்கிடக்கிறது. எனக்கு எழுத்து வராது. நானும் பள்ளிக்கூடமும் ஒத்துவராமல் சின்ன வயதிலேயே சந்தோசமாகப் பிரிந்துவிட்டோம். நான் வாயால் சொல்லச் சொல்ல, என் மனுசி மலர்தான் திருத்தி எழுதுவாள். அவள் என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டால் பத்தி எப்படி வரும்?

ஏன் நிறுத்தினாள்? சொல்கிறேன்.

மலரின் ஆட்கள் மலையகத்திலிருந்து வந்து நெடுங்கேணிப் பக்கம் காடு வெட்டிக் குடியேறியவர்கள். தேயிலையோடு பிறந்த குடும்பம். நான் உருத்திரபுரத்து வாய்க்கால் தண்ணீரில் வளர்ந்தவன். அவள் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுவாள். மிச்சம் இருக்கிற எல்லா வார்த்தைகளையும் நான் பேசிவிடுவேன். கலியாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறார்களே... ஒருவர் பகிடிக்கு மற்றவர் சிரிக்கிற பொருத்தம் பார்க்கிறார்களா?

ஒருநாள் கூட்டாளிமார் முற்றத்தில் இருந்தபோது மலர் வந்து, மல்லாவியில் ஒரு தேத்தண்ணிக் கடை போடலாமா என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் தனக்கென்று அவள் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான். நான் என்ன சொன்னேன்?

"உம்மட தேத்தண்ணியக் குடிச்சா, பஸ் பிடிக்க வந்தவன் அம்புலன்ஸ் பிடிச்செல்லோ போவான்."

முற்றமே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அன்று பின்னேரமே உடுப்பைப் பையில் அடுக்கிக் கதவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். நெடுங்கேணியில் இருக்கிற தமக்கை வீட்டுக்குப் போகிறாளாம். திரும்பி வருகிற யோசனை இல்லையாம். ஆனால் உடனே போகமுடியாது — அவளுடைய ஆடு நிறைமாதம். ஆடு குட்டி போட்டதும் பயணம்.

எங்கள் பக்கத்தில் புருசன் பெண்சாதி கோபம் என்றால் ஒரு வழக்கம் உண்டு. நேரே கதைக்கமாட்டார்கள். மற்றவர் பக்கத்தில் நிற்க, பிள்ளையிடமோ நாயிடமோ சொல்லுவார்கள். எங்கள் மகள் கலியாணம் முடித்துப் போய்விட்டாள். நாயும் இல்லை. ஆகவே ஆடு.

"அவருகிட்ட சொல்லு, சோறு போட்டு மூடி வச்சிருக்கேன்னு."

ஆடு என்னைப் பார்க்கும். நான் ஆட்டிடம் நன்றி சொல்லிவிட்டுச் சாப்பிடுவேன்.

இந்த நேரத்தில்தான் துஷி வந்தாள். கிளிநொச்சிப் பிள்ளை, இரவல் கமராவோடு சொந்தமாகப் படம் எடுக்கத் திரிகிறவள். அவளுடைய கதையைக் கேளுங்கள்: வயல் உழுகிற, வாய் ஓயாத ஒரு ரக்ரர்காரன், அவனைச் சகிக்கமுடியாத பெண்சாதி. பிரிவதென்று முடிவெடுத்துவிட்டார்கள். பிரிந்தபிறகு மற்ற ஆள் தனியாகக் கிடந்து கஷ்டப்படக்கூடாதே என்று, அவன் அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறான், அவள் அவனுக்குப் பெண் பார்க்கிறாள்! இப்படி ஒரு காதல் படம் எங்காவது கண்டீர்களா? சந்திக் கடையடியில் நான் அலட்டியதைக் கேட்டுவிட்டு, இந்த அண்ணைதான் என் ஹீரோ என்று பிடித்துக்கொண்டாள். பெண்சாதியாக நடிக்க வவுனியாவிலிருந்து கமலா ரீச்சர் வந்தார். நல்ல நடிப்புக்காரி.

எல்லாம் சரி... வசனத்தை யார் வாசித்துக் காட்டுவது?

வசனத் தாள்கட்டை மலர் சமைக்கிற குசினி வாசலில் வைத்துவிட்டு, ஆட்டிடம் என் கஷ்டத்தைச் சொன்னேன். அடுத்தநாள் மலர் ஆட்டுக்கொட்டிலில் பலகை போட்டு இருந்து, வசனம் முழுவதையும் ஆட்டுக்கு வாசித்துக் காட்டினாள்! எனக்கில்லை, ஆட்டுக்கு. நான் மறுபக்கம் மண்வெட்டிக்குப் பிடி போடுகிறவன்போல் குந்தி இருந்து, காதைக் கொடுத்துப் பாடமாக்கினேன். பிறகு ஆட்டைப் பார்த்தே சொல்லிப் பழகினேன். தினமும் இதுதான். அவள் ஆட்டுக்குச் சொல்ல, நான் ஆட்டுக்குச் சொல்ல, அது எங்கள் இரண்டு பேரின் காதல் வசனத்தையும் அசைபோட்டுக்கொண்டு நின்றது.

படப்பிடிப்பு தொடங்கியது. என் வீட்டு முற்றம்தான் இடம். நான் வசனத்தைக் கடகடவென்று பொழிந்தேன். துஷி கமராவை நிறுத்திவிட்டுக் கிட்ட வந்தாள்.

"அண்ணை, நீங்கள் ஏன் ரீச்சரின்ர முழங்காலப் பாத்துக் கதைக்கிறியள்?"

அப்போதுதான் விளங்கியது. ஆட்டின் உயரம்! அத்தோடு விட்டாளா?

"நீங்கள் உருத்திரபுரம் ஆள்தானே? பிறகேன் போறன், வாறன் எண்டு சொல்லாமல் போறேன், வாரேன் எண்டு சொல்லுறியள்?"

என்னத்தைச் சொல்ல? வசனம் முழுவதும் மலரின் மலையகப் பேச்சாக என் காதுக்குள் போனது. அவள் சொன்ன மாதிரித்தானே வெளியே வரும். உண்மையைச் சொன்னேன். துஷி சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டாள். எழும்பியவுடன் மலரிடம் ஓடி, அக்கா, ஆட்டையும் படத்தில் சேர்க்கவா என்று கேட்டாள். மலர் ஆட்டைக் குளிப்பாட்டக் கொண்டுபோனாள்.

பிரிகிற காட்சி. ரீச்சர் பையோடு படலையைத் திறந்து போகவேண்டும். நான் போகாதே என்று நீட்டாக ஒரு வசனம் சொல்லவேண்டும். மலர் கமராவுக்குப் பின்னால் தாளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். எனக்குப் படலையில் ரீச்சரின் கையில் இருந்த பை தெரியவில்லை. வீட்டுக் கதவுக்குப் பக்கத்தில் இருந்த பைதான் தெரிந்தது. வசனம் மறந்துபோனது.

அந்த நேரம் பார்த்து ஆடு கத்தியது.

மலர் தாளைப் போட்டுவிட்டு ஓடினாள். நானும் ஓடினேன். இரண்டு குட்டிகள்... ஒன்று கறுப்பு, ஒன்று புள்ளி. நல்ல சுகம். மலர் சாக்கால் துடைத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் சிரிப்பு. நான் கதவடிப் பையைத் திரும்பிப் பார்த்தேன். தவணை முடிந்துவிட்டதே!

ஒரு பகிடி நுனிநாக்குக்கு வந்தது. குட்டிகளின் மூக்கைப் பற்றி. நல்ல பகிடி. விழுங்கிவிட்டேன்.

"கடைக்கு எந்த இடம் பாத்தனீர்?" என்று கேட்டேன்.

அவள் பழக்கத்தில் ஆட்டைப் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். பகிடி எப்போது வரும் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. வரவில்லை.

"மல்லாவியில, பஸ் நிக்கிற பக்கம்."

"வெயில் படுமே?"

"அந்திக்குப் படும்."

"அப்ப நான் தென்னோலைக் கிடுகால ஒரு பந்தல் போட்டுத் தாறன்."

அவ்வளவுதான். நான் ஆயுளில் பேசிய மிகச் சின்னப் பேச்சு அது. கொட்டில் தட்டிக்கு மேலால் துஷியின் தலை எட்டிப்பார்த்தது.

"அண்ணை, அதை ஒருக்கா திருப்பிச் சொல்லுவீங்களோ? கமரா ஓடேல்ல."

மலர் கறுப்புக் குட்டியைத் தாயின் மடியில் ஊட்டவிட்டுச் சொன்னாள்: "அது படத்துக்குச் சொன்னது இல்லம்மா."

அடுத்தநாள் பை கதவடியில் இல்லை. எங்கே என்று கேட்கப் பயந்து, கிடுகு வாங்கப் போய்விட்டேன்.

இப்போது கடை நடக்கிறது. படம் போட்ட அன்று அங்கே திருவிழாக் கூட்டம். மலர் முடிவுக்கு முன்னமே எழும்பி வந்து அடுப்பை மூட்டிவிட்டாள், கெட்டிக்காரி. சனம் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு படத்தைப் பற்றிச் சண்டை பிடித்தது. ஏனென்றால் துஷியின் படத்தில் பெண்சாதி பஸ் ஏறிப் போய்விடுகிறாள். நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னால் ஓடுகிறேன்... படம் முடிகிறது. அவள் இறங்குவாளா? காட்டவில்லை. சிலருக்குக் கோபம். சிலருக்குக் கண்ணீர். எனக்கு மூச்சு வாங்கியது — ஓடியவனுக்குத்தானே தெரியும்!

எல்லாரும் முதுகில் தட்ட, நான் சந்தோசத்தின் உச்சியில் நின்றேன். கமலா ரீச்சர் கிளாசை வைத்துவிட்டு மலரைப் பார்த்தார்.

"படத்தில நான் போயிட்டன். நீங்கள் ஏன் அக்கா போகேல்ல?"

மலர் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே சொன்னாள். "போகத்தான் இருக்கேன் ரீச்சர். கடையில ஆள் குறையட்டும்."

கடையே சிரித்தது. அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. பகிடியா? உண்மையா? ஊருக்கெல்லாம் பகிடி விட்ட எனக்கு, என் மனுசியின் பகிடி பிடிபடவில்லை.

எதற்கும் இருக்கட்டும் என்று, அன்றிலிருந்து சந்தியில் பஸ்ஸால் இறங்குகிற சனத்தையெல்லாம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறேன்!