வட்டம் வராத மெஷின்

என் வீட்டுக்காரருக்கு வலது கை நடுங்க ஆரம்பித்தது எண்பதுகளின் நடுவில். முதலில் காப்பி சாஸரில் சிந்தியது. பிறகு சட்டைப் பொத்தான் மாட்ட முடியவில்லை. டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, இது குறையாது, கூடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். கப்பல் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். அவரால் பொறுக்க முடியாமல் போனது வீட்டில் இருந்த மில்லிங் மெஷின் விஷயத்தில்தான்.

சிராங்கூன் ரோட்டுக்குப் பின்புறம் அடுக்குமாடி வீடு எங்களுக்கு. சமையலறையை ஒட்டித் துணி துவைக்கும் இடத்தில் பாதியை அந்த மெஷின் அடைத்துக்கொண்டிருந்தது. மேசை மேல் வைக்கிற சின்ன மெஷின்தான். பித்தளை, அலுமினியம் எல்லாம் செதுக்கும். அதில் இரண்டு கைச்சக்கரங்கள். ஒன்றைச் சுற்றினால் வேலைத்தட்டு இடம் வலமாகப் போகும், மற்றதைச் சுற்றினால் முன்னும் பின்னும். நான் மீன் பொரித்தால் எண்ணெய் தெறிக்கும் என்று மெஷினுக்குப் போர்வை போர்த்துவார். அவர் பித்தளை செதுக்கினால் தூள் என் சோற்றுப் பானை வரை வரும். பானைக்கு மட்டும் போர்வை கிடையாது.

ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்கு எங்கள் மாதா கோயிலில் வைக்கும் குடிலுக்கு அவர் ஒரு பித்தளைச் சாமான் செய்து கொடுப்பார். ஒரு வருஷம் கிணற்று ராட்டினம், ஒரு வருஷம் தண்ணீரில் சுற்றும் சக்கரம். பூசை முடிந்ததும் பிள்ளைகள் மூன்று ராஜாக்களையும் விட்டுவிட்டு அதைத்தான் மொய்க்கும். இவர் தூணோரமாக நின்று, தனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாதவர் மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார். நடுங்கும் கையால் சக்கரத்தை அளவாகச் சுற்ற முடியாமல் போன அந்த வருஷம் அவரே பாதிரியாரிடம் போய், "இந்தத் தடவ என்னால முடியாது ஃபாதர், வேற ஆளப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். அதோடு பேச்சும் நின்றது. கூப்பிட்டால் வந்து சாப்பிடுவார், அவ்வளவுதான். மனிதர் என் கண் முன்னாலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போகிறார் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

நான் எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் ரிப்பேர் மேசையில் வேலை பார்த்தேன். அங்கே பெரிய மெஷின்களைக் கம்ப்யூட்டர் ஓட்டுவதைத் தினம் பார்க்கிறவள். பெரியதை ஓட்டுகிற கம்ப்யூட்டர் சின்னதை ஓட்டாதா என்ன? சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையில் ஆபீஸ் பிரிண்டரிலிருந்து கழற்றிய ஸ்டெப்பர் மோட்டார் இரண்டு கிடைத்தன. ஒரு தடவை மின்சாரம் தட்டினால் ஒரு சிறு அளவு மட்டும் திரும்பி நிற்கும் மோட்டார் அது. டிவியோடு இணைக்கிற ஒரு கம்ப்யூட்டரையும் வாங்கினேன். சர்க்யூட்டை நானே பற்ற வைத்தேன். மோட்டார்களை மாட்ட வேண்டுமென்றால் கைச்சக்கரங்களைக் கழற்றியாக வேண்டும்.

"நீங்களே கழட்டிக் கொடுங்க" என்றேன்.

இடது கையால் வலது கையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு கழற்றிக் கொடுத்தார்.

தட்டு தானாக நகர்ந்தபோது நான் சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினேன். நேர்கோடு அழகாக வந்தது. வட்டம்தான் வரவில்லை. குடிலில் மாவரைக்கும் ஆலை ஒன்று வைக்கலாம், அதற்குச் சக்கரம் வேண்டும் என்று நினைத்திருந்தேன். வெட்டிய ஒவ்வொரு சக்கரத்தின் விளிம்பிலும் நான்கு இடத்தில் படிக்கட்டு மாதிரி வெட்டு விழுந்தது. ப்ரோக்ராமை வரி வரியாகப் பார்த்தேன். பற்றவைப்பைப் பிரித்து மறுபடி வைத்தேன். வாரங்கள் ஓடின, டிசம்பரும் வந்துவிட்டது. இவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க இப்படி வருது?"

"கம்ப்யூட்டர் ஒன்னோடது. நீதான் பாக்கணும் லா."

ஒரு சனிக்கிழமை மதியம் ஆத்திரத்தில் தட்டை ஒரு தள்ளு தள்ளினேன். மோட்டார் நின்றது நின்றபடி இருக்க, தட்டு மட்டும் மயிரிழை நகர்ந்தது. எனக்குச் சுரீரென்றது.

"இதுல பிளே இருக்கு! ஆட்டம் இருக்கு!"

"தட்ட நகத்துற ஸ்க்ரூ பழசு. இருக்கத்தான் செய்யும்" என்றார், நிதானமாக. "தெச மாத்தினா மொதல்ல கொஞ்சம் சும்மா சுத்தும், தட்டு நகராது. கைக்கு அது தெரியும். ஸ்க்ரூ தட்டப் பிடிச்ச பிறகுதான் கை கணக்கு வைக்கும். கம்ப்யூட்டருக்கு அது தெரியாது."

"உங்களுக்கு இது எப்பத்திலருந்து தெரியும்?"

"நீ மொத சக்கரம் வெட்டின அன்னிக்கே."

ஸ்க்ரூடிரைவரைத் தரையில் விட்டெறிந்தேன். கீழ்வீட்டுக்குக் கேட்டிருக்கும். "தெரிஞ்சும் வாயத் தொறக்காம ஒக்காந்திருந்தீங்களா? யாருக்காக இந்தப் பாடு படறேன் நான்?"

அவர் மெஷினைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எல்லாத்தையும் எடுத்துக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துட்ட. இதுவாவது எங்கிட்ட இருக்கட்டும்னு நெனச்சேன்."

கோபம் போகவில்லை, ஆனால் அதை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. அந்த மனிதரிடம் வேறு என்னதான் மிச்சம் இருந்தது? கம்ப்யூட்டர் முன்னால் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"வாங்க. எவ்வளவு சும்மா சுத்தும்ங்கிற கணக்க நீங்களே இதுல அடிங்க. நான் அடிக்க மாட்டேன்."

எழுந்து வந்து உட்கார்ந்தார். எந்த ஸ்க்ரூவில் எவ்வளவு ஆட்டம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். விரலை நீட்டினார். நடுக்கத்தில் ஒரே எண் மூன்று தடவை விழுந்தது. சுட்டுக்கொண்டவர் மாதிரி கையை இழுத்துக்கொண்டார்.

"கெடுத்துட்டேனா?"

"ஒன்னும் கெடல. அழிச்சிட்டுத் திரும்ப அடிங்க."

"அழிக்கலாமா?"

"எத்தன தடவ வேணும்னாலும்."

காலமெல்லாம் உலோகத்தில் வேலை செய்தவர். அங்கே வெட்டியது வெட்டியதுதான். திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அழித்தார். அடித்தார், மறுபடி தவறியது, மறுபடி அழித்தார். தாங்க முடியாமல் நான் உதவிக்குக் கையை நீட்டினேன்.

"தள்ளு லா! எனக்குத் தெரியும்" என்று என் கையைத் தட்டிவிட்டார்.

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு என்னை அதட்டினார். நான் உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு, சந்தோஷத்தில் அழுதேன்.