ஆயில் முள் இறங்கிய லாரி

அவனியாபுரத்தில் லாரிப் பட்டறை வைத்திருந்த நல்லகாமனுக்குத் தன் காதின் மேல் அசாத்திய நம்பிக்கை. நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை இஞ்சினில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடி நிற்பான். "நாலாவது சிலிண்டர்" என்பான். திறந்து பார்த்தால் பெரும்பாலும் நாலாவது சிலிண்டராகத்தான் இருக்கும். ஊர் அவனைத் தூக்கி உச்சாணிக்கொம்பில் வைத்தது, அவனும் வசதியாக உட்கார்ந்துகொண்டான். ஆயில் பிரஷரைச் சோதித்துப் பார்க்கும் மீட்டர் ஒன்றை வாங்கி வைத்திருந்தான். அது அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வந்ததே இல்லை.

2001ஆம் வருஷம் ஆயுத பூஜைக்கு நூல் வியாபாரி ஜனகராஜின் பழைய லாரி பட்டறைக்கு வந்தது. கழுவிப் பொட்டு வைத்து மாலை போட்டார்கள். சுற்றிலும் குட்டி பல்பு எரிகிற மீனாட்சி படம் ஒன்றை ஜனகராஜ் வாங்கி வந்திருந்தார். அதை டிரைவர் முன்னால் இருக்கும் மீட்டர்களுக்கு மேலே இரும்புப் பட்டை வைத்து, இறுக்கித் திருகி மாட்டிக் கொடுத்தவன் நல்லகாமன்தான். கையோடு கன்னத்திலும் போட்டுக்கொண்டான்.

மறுநாள் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பினான் டிரைவர் முத்திருளன். ஜனகராஜிடம் பதினோரு வருஷமாக ஓட்டுகிறவன். திருமங்கலம் தாண்டியதும் ஆயில் பிரஷர் மீட்டரின் முள் சரசரவென்று இறங்கி அடியில் படுத்துக்கொண்டது. உடனே இஞ்சினை அணைத்தான். இன்னொரு லாரியில் கட்டி இழுத்துப் பட்டறைக்கே கொண்டுவந்து சேர்த்தான்.

நல்லகாமன் இஞ்சினை ஒரு நிமிஷம் ஓடவிட்டுக் காதை வைத்தான். பழைய இஞ்சின், ஆயிரம் சத்தம் போடும். அவன் எதைத் தேடினானோ அது அவனுக்குக் கேட்டது.

"பேரிங் போச்சு முதலாளி. ஆயில் மாத்தாம ஓட்டியிருக்கான்."

"அண்ணே, போன மாசந்தான மாத்துனேன். ஆயில் கம்பிய உருவிப் பாருங்க, அளவு சரியா இருக்கு. சத்தமும் மாறல. மீட்டர்ல எதுவும் கோளாறான்னு ஒருக்கா பாத்துருங்கண்ணே" என்றான் முத்திருளன்.

"நீ மெக்கானிக்கா, நான் மெக்கானிக்கா? வார வழியில ஊத்திட்டு வந்து அளவு காட்டுறியாக்கும்? ஆயில் காச டீக்கடையில குடுத்துட்டு மீட்டரக் குத்தம் சொல்றான் பாருங்கய்யா!"

பட்டறையில் இருந்தவர்கள், எதிர் டீக்கடையில் இருந்தவர்கள், எல்லோரும் சிரித்தார்கள். ஜனகராஜ் சிரிக்கவில்லை. கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். முத்திருளன் யார் முகத்தையும் பார்க்காமல் நடந்து போனான்.

இரண்டு நாள் கழித்து இஞ்சினின் அடித்தொட்டியைக் கழற்றிப் பேரிங்குகளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான் நல்லகாமன். ஒரு கீறல் இல்லை. ஆயில் பம்பும் ஒழுங்காக இருந்தது. ஒன்றும் புரியாமல் எல்லாவற்றையும் திரும்ப மாட்டினான். கடைசியில்தான் அந்த அட்டைப்பெட்டி ஞாபகம் வந்தது. சோதனை மீட்டரை நேராக இஞ்சினில் பொருத்தி ஓட்டினான். முள் கம்பீரமாக ஏறி நின்றது. பிரஷருக்கு ஒரு குறையும் இல்லை.

இஞ்சினிலிருந்து டிரைவர் முன்னால் இருக்கும் மீட்டருக்கு ஆயிலைக் கொண்டுபோகும் மெல்லிய செம்புக்குழாயை விரலால் தடவிக்கொண்டே போனான். சாமி படத்துப் பட்டைக்கு அடியில் அது நசுங்கிச் சப்பையாகக் கிடந்தது. வண்டி குலுங்கக் குலுங்கப் பட்டை அழுத்தி, கடைசியில் வழியையே அடைத்துவிட்டது. திருகை இறுக்கியது அவன் கை.

மதியச் சாப்பாட்டு நேரம், பக்கத்தில் யாரும் இல்லை. அந்தத் துண்டை வெட்டி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, புதுக்குழாய் மாட்டிவிட்டான். "பேரிங் சரியாச்சா?" என்று கேட்ட ஜனகராஜிடம், "எல்லாம் சரியாச்சு முதலாளி" என்று தரையைப் பார்த்துச் சொன்னான். வெட்கங்கெட்ட பிழைப்பு என்று அவனுக்கே தெரிந்தது. தெரிந்தும் வாய் வரவில்லை.

வண்டி கிளம்புவதற்குள் முத்திருளன் மனைவி தங்கப்பொண்ணு வந்தாள், லாரியில் கிடந்த அவன் போர்வையையும் தூக்குவாளியையும் எடுத்துப் போக.

"எங்க போய் வேலை கேட்டாலும், இஞ்சினக் கெடுத்தவன்தானன்னு கேக்குறாகளாம்ண்ணே. மூட்டை தூக்கப் போறாரு" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. போர்வையை உதறி மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே நல்லகாமன் கீழக்குயில்குடியில் இருந்த முத்திருளன் வீட்டுக்குப் போனான். வாசலில் நின்றபடியே, நசுங்கிய குழாயைக் காட்டி, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். சொல்லும்போது உடம்பெல்லாம் கூசியது. முத்திருளன் கடைசிவரை கேட்டான்.

"எங்கிட்ட எதுக்குண்ணே சொல்றீக? நான் ஆயில் மாத்துனது எனக்குத் தெரியாதா? தெரியாதவுகட்டப் போய்ச் சொல்லுங்க."

மறுநாள் காலையில், டீக்கடை நிறைந்திருந்த நேரத்தில், ஜனகராஜையும் வரவழைத்து நல்லகாமன் சொன்னான். "தப்பு என்னுது. நான் மாட்டுன படந்தான் குழாய நசுக்கியிருக்கு. முத்திருளன் மேல எந்தக் குத்தமும் இல்ல." மானம் கப்பலேறட்டும், எல்லோரும் காறித் துப்பட்டும் என்று துணிந்துதான் நின்றான்.

யாரும் துப்பவில்லை.

"இம்புட்டுப் பேரு முன்னால ஒத்துக்கிட்டான் பாரு, இவன் மனுசன்!" என்றார் ஒருவர். இன்னொருவர் முதுகில் தட்டினார். யாரோ அவன் கையில் டீயைத் திணித்தார்கள்.

ஜனகராஜும் நெகிழ்ந்துதான் போனார். "இந்த நேர்மை யாருக்கு வரும் நல்லகாமா? இனிமே என் வண்டி வேற பட்டறைக்குப் போகாது."

"முத்திருளன வரச் சொல்லட்டுமா முதலாளி?"

"அடடா, வேற ஆளப் போட்டாச்சேப்பா. பாவம், அவனை எப்படித் திடீர்னு நிறுத்துறது?"

அந்த வாரமே புது லாரிக்காரர் ஒருவர் விசாரித்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார். "தப்பு பண்ணினா ஒளிக்காமச் சொல்ற மெக்கானிக் நீங்கதானாமே?" என்று சந்தோஷமாகக் கேட்டார். நல்லகாமன் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.