வெள்ளித் திட்டத்தில் ஒரு முதுகு

நோரீன் ஹாடோ விம்மெரா கோதுமைச் சீமையில் ஒரு சிற்றூரில் பெண்களுக்கு முடி வெட்டி, சுருட்டி, சாயம் பூசியே காலம் தள்ளியவள். ஊரில் எல்லார் முகமும் அவளுக்கு அத்துப்படி. நாற்காலியில் வந்து உட்கார்ந்தால் போதும், யார் வீட்டில் சண்டை என்று கண்ணாடியைப் பார்த்தே சொல்லிவிடுவாள். எழுபதை நெருங்கும்போது அவள் முதுகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது, பிறகு முன்னால் கவிழ்ந்தது. எழுபத்தைந்தில், நின்றால் தரைதான் தெரியும் என்று ஆகிவிட்டது.

சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டியின்மேல் சாய்ந்து நடந்தால் வலி குறையும். அதனால் வாங்க ஒன்றும் இல்லாத நாளிலும் போய் ஒரு சுற்று வருவாள். யாராவது நலம் விசாரித்தால் குரலை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். முகம் பார்த்தே பிழைத்தவளுக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. வீட்டிலும் அவளும் கணவன் கிளைவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், மடியில் தட்டை வைத்துக்கொண்டு டிவி முன்னால் சாப்பிடுகிற ஜோடிதான். படுக்க முடியாததால் இரவில் அவள் சாய்வு நாற்காலியிலேயே தூங்கினாள்.

மெல்போர்ன் அறுவை நிபுணர் ஒளித்துமறைத்துப் பேசவில்லை.

"கம்பியும் திருகும் வெச்சு முதுகெலும்ப இடுப்போட சேத்துக் கட்டிடலாம் நோரீன். நிமிருவீங்க. ஆனா அப்புறம் குனிய முடியாது. சிக்கல் வந்தா மறுபடி திறக்க வேண்டியிருக்கும். முன்னெல்லாம் உங்க வயசுக்கு யோசிப்போம், இப்ப உங்க வயசுக்காரங்கதான் நிறைய வர்றாங்க."

"குனிஞ்சதெல்லாம் போதும் டாக்டர். எனக்கு மனுச மூஞ்சியப் பாக்கணும்."

செலவு லட்சம் டாலரைத் தாண்டியது. கம்பியும் திருகும் மட்டுமே ஒரு புதுக் கார் விலை. காப்பீடு இருக்கிறதே என்று கிளைவ் தெம்பாகத்தான் போன் செய்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன் சந்தா ஏறியபோது தங்கத் திட்டத்திலிருந்து வெள்ளிக்கு இறங்கியவன் அவன். அதைப் புல்வெளிப் பந்து கிளப்பில் பீற்றியும் கொண்டான்.

"தங்கத்துல என்னய்யா இருக்கு? முட்டி, கண்புரை, பிரசவம். முட்டி ரெண்டு பேருக்கும் மாத்தியாச்சு, கண்ணும் ஆச்சு. இனிமே நோரீன் புள்ள பெத்தாத்தான் உண்டு!"

கிளப்பே சிரித்தது. அதைக் கேட்டு இன்னும் சிலர் வெள்ளிக்கு இறங்கினார்கள்.

"வெள்ளியில முதுகு உண்டுன்னு போட்டிருக்கேம்மா?" என்றான் இப்போது.

"முதுகு உண்டு சார். ஆனா எலும்பைச் சேத்துக் கட்டற ஆபரேஷன் தங்கத்துல மட்டும்தான்," என்றாள் போனில் இருந்த பெண். "இப்ப மாறினீங்கன்னா, ஏற்கனவே இருக்கற நோய்க்குப் பன்னிரண்டு மாசம் காத்திருக்கணும்."

அரசு மருத்துவமனை வரிசையோ அதைவிட நீளம். கிளைவ் நோரீனிடம் வந்து உள்ளதைச் சொன்னான்.

"அந்த மிச்சக் காசு எங்க?" என்றாள் நோரீன்.

"கேரவனுக்கு ஏசி..."

"பேஷ். எம் முதுக வித்து ஏசி மாட்டியிருக்கே."

அவளுக்கு அவன்மேல் வந்தது கோபமில்லை, வெறுப்பு. பல நாள் பேசவில்லை.

அவன் வாதாடவில்லை. தங்கத்துக்கு மாறினான். நிபுணருக்குக் கைக்காசு தர வேண்டியிருக்கும் என்று, ஊர் சுற்ற வைத்திருந்த கேரவன் வண்டியை விற்றான். சாசேஜ் வறுக்கவும் உருளைக்கிழங்கு மசிக்கவும் கற்றுக்கொண்டான், சுமாராக. அவளுக்குத் தலை குளிப்பாட்டினான். நிபுணருக்கோ வேறு கவலை: எலும்பு தேய்ந்துகொண்டே போனால் திருகு பிடிக்காது, பிறகு யார் பணம் கட்டினாலும் அறுவை கிடையாது. எலும்பை உறுதியாக்கும் ஊசியைப் போட அவளை மாதாமாதம் ஹார்ஷம் நகரத்துக்குக் காரில் கூட்டிப்போனான். காரில் அவள் தன் மடியையே பார்த்துக்கொண்டு வருவாள். "தாமதம் என்னால," என்று அவன் ஒருமுறை ஆரம்பித்தான். "ரோட்டப் பாத்து ஓட்டு," என்றாள்.

வருஷம் முடிந்தது. எலும்பு தாங்கும் என்று ஸ்கேன் படம் சொன்னது, அதுவும் மயிரிழையில். இரண்டு தடவையாக அறுத்துக் கட்டினார்கள்.

மூன்றாம் நாள் பிசியோதெரபிப் பெண் நடைச்சட்டத்தைக் கையில் கொடுத்து அவளை எழுப்பி நிறுத்தினாள். நோரீன் பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். ஜன்னல் தெரிந்தது, எதிரே கிளைவ் தெரிந்தான். கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே பை தொங்கி, கழுத்துச் சதை சட்டைக் காலருக்குள் சுருங்கிக் கிடந்தது.

அவள் அவனை வெகுநேரம் பார்த்தாள்.

"ஏன்யா, உனக்கு எப்ப இவ்வளவு வயசாச்சு?"

"இந்த ஒரு வருசத்துலதான்," என்றான் கிளைவ்.